உப்பு மண்ணில் கோதுமையின் மரபணுக்கள்: என்ன நடக்கிறது, அதை எப்படிப் பார்ப்பது

உப்பு போட்டால் கோதுமையில் எந்த மரபணுவின் வெளிப்பாடு (அது வேலை செய்யும் அளவு) கூடும், எதனுடையது குறையும் என்று கேட்டுக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். கேள்வி தப்பில்லை, ஆனால் அரைகுறை. வேரிலா இலையிலா, உப்பு பட்ட ஒரு மணி நேரத்திலா பத்து நாள் கழித்தா, அந்த மரபணுவுக்குக் கோதுமை வைத்திருக்கும் மூன்று பிரதிகளில் எதில் என்று சேர்த்துக் கேட்காத வரைக்கும் எந்தப் பதிலும் சரியாகவும் இருக்கும், தப்பாகவும் இருக்கும். ஆய்வுக் கட்டுரைகள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பது என் எண்ணம். முதுகலை ஆய்வுக்காகவோ, கையில் கிடைத்த ஒரு கட்டுரையைப் புரிந்துகொள்ளவோ, சும்மா ஆர்வத்திலோ இதற்குள் இறங்குபவர்களுக்காக, உப்புக் கரைசல் கலக்குவதில் தொடங்கி, கடைசியில் கிடைக்கும் மரபணுப் பட்டியலை எவ்வளவு நம்பலாம் என்பது வரை எழுதுகிறேன்.

எந்த உப்பு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பொதுவாக உப்பு மண் என்று சொன்னாலும் உவர் மண் வேறு, களர் மண் வேறு. உவர் மண்ணில் கரையக்கூடிய உப்புகள் அதிகம். மண் சாற்றின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமனைத் தாண்டியிருக்கும், கார அமில நிலை 8.5க்குக் கீழே இருக்கும். களர் மண்ணில் மண் துகளோடு ஒட்டிக்கொண்ட சோடியம் அதிகம், கார அமில நிலை 8.5க்கு மேலே போகும், மண் இறுகித் தண்ணீர் கீழே இறங்காது. இரண்டும் கலந்த நிலமும் உண்டு. ஆய்வகத்தில் சோடியம் குளோரைடு கரைத்து நாம் பார்ப்பதெல்லாம் உவர் மண்ணின் நகலைத்தான். அதில் தேறிய ரகம் களரிலும் தேறும் என்று சொல்லிவிட முடியாது; அங்கே காரத்தன்மையும் வேருக்குக் காற்று கிடைக்காததும் சேர்ந்துகொண்டு கதையை மாற்றிவிடும்.

பழைய கணக்கு ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: கோதுமை 6 டெசிசீமன் வரை விளைச்சல் குறையாமல் தாக்குப்பிடிக்கும், அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 7 சதவீதம் சரியும். நெல்லுக்கு அந்த எல்லை 3, பார்லிக்கு 8. ஆகக் கோதுமை நடுத்தரம். ஒரு டெசிசீமன் என்பது தோராயமாக 10 மில்லிமோலார் சோடியம் குளோரைடு என்று மனதில் வைத்துக்கொண்டால் வயல் எண்ணையும் ஆய்வக எண்ணையும் ஒப்பிட வசதியாக இருக்கும்.

தாகம் ஒன்று, நஞ்சு இன்னொன்று

உப்பு, செடிக்கு இரண்டு வேறு தொந்தரவுகளைக் கொடுக்கிறது. வேரைச் சுற்றி உப்பு ஏறிய நிமிடமே தண்ணீரை இழுப்பது கடினமாகிவிடும். இது சவ்வூடு அழுத்தத்தால் வரும் தாகம். இதில் சோடியம் என்ற தனிமத்துக்குப் பங்கு குறைவு, சர்க்கரையைக் கரைத்து ஊற்றினாலும் கிட்டத்தட்ட இதே விளைவு வரும். இலை நீளும் வேகம் உடனே குறையும், இலைத்துளைகள் மூடும், புதுப் பக்கத்தூர்கள் விடுவது குறையும். இரண்டாவது தொந்தரவு மெதுவாக வருவது. தண்ணீரோடு சேர்ந்து மேலே ஏறும் சோடியம், தண்ணீர் ஆவியாகிப் போன பிறகு இலையிலேயே தங்கி, நாள் கணக்கில் சேர்ந்து, முதலில் மூத்த இலைகளை நுனியிலிருந்து கருக்கத் தொடங்கும். புது இலை வரும் வேகத்தைவிடப் பழைய இலை சாகும் வேகம் கூடினால் கதிருக்குப் போக மாவுச்சத்து மிஞ்சாது. இந்த இரு கட்டப் பார்வையைத் தெளிவாக முன்வைத்தவர் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரானா மன்ஸ், 1990களில். கோதுமையில் வேலை செய்கிறவர்கள் இன்றும் அதை வைத்துத்தான் சோதனையைத் திட்டமிடுகிறார்கள்.

இதைப் புரிந்துகொண்டால் மரபணுக்களை வகை பிரிப்பது எளிது. முதல் சில மணி நேரத்தில் எழுபவை பெரும்பாலும் தாகத்துக்கான பதில்: தாகத்தில் செடி சுரக்கும் ஹார்மோனான அப்சிசிக் அமிலத்தை உருவாக்கும் என்சிஇடி, அந்த அமிலத்தின் செய்தியைக் கடத்தும் எஸ்என்ஆர்கே2 வகை நொதிகள், பிறகு டிரெப், நாக், மிப், பிசிப் என்று குடும்பம் குடும்பமாக வரும், மற்ற மரபணுக்களை முடுக்கிவிடும் படியெடுத்தல் காரணிகள், அவற்றின் கட்டளையில் எழும் டீஹைட்ரின் போன்ற பாதுகாப்புப் புரதங்கள், புரோலின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் பி5சிஎஸ். இவற்றில் பலவும் வறட்சியிலும் குளிரிலும்கூட எழும். அதனால் ஒரு டீஹைட்ரின் பத்து மடங்கு ஏறியிருப்பதைப் பார்த்து "உப்பு மரபணு கண்டுபிடித்துவிட்டேன்" என்று துள்ள வேண்டாம். புரோலினும் அப்படித்தான். நிறைய புரோலின் இருந்தால் செடி நன்றாகத் தாங்குகிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம், ரொம்பக் கஷ்டப்படுகிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம். கருகிக்கொண்டிருக்கும் ரகத்தில்தான் சில நேரம் அது அதிகமாக இருக்கும்.

சோடியத்துக்கென்றே இருக்கும் மரபணுக்கள் குறைவு, ஆனால் அவைதான் சுவாரசியமானவை. வேர்ச் செல்லின் வெளிச்சவ்வில் எஸ்ஓஎஸ்1 என்ற புரதம் உட்கார்ந்து சோடியத்தை வெளியே தள்ளி, பதிலுக்குப் புரோட்டானை உள்ளே விடுகிறது. கால்சியம் ஏறுவதை எஸ்ஓஎஸ்3 உணர்ந்து, எஸ்ஓஎஸ்2 என்ற நொதியைத் தட்டியெழுப்ப, அது எஸ்ஓஎஸ்1-ஐ முடுக்கிவிடும். இந்தச் சங்கிலியை முதலில் அராபிடாப்சிஸ் செடியில் கண்டுபிடித்தார்கள், கோதுமையிலும் இதற்கு இணையானவை இருக்கின்றன. உள்ளே வந்துவிட்ட சோடியத்தை என்எச்எக்ஸ் குடும்பப் புரதங்கள் செல்லுக்குள் இருக்கும் சேமிப்புப் பையான வாக்குவோலுக்குள் தள்ளி அடைத்து வைக்கும், வேண்டாத சாமானைப் பரணில் ஏற்றிவிடுவது மாதிரி. நொதிகள் வேலை செய்யும் சைட்டோபிளாசம் சுத்தமாக இருக்கும். மூன்றாவது, எச்கேடி குடும்பம். கோதுமையின் உப்புக் கதையே பாதி இதில்தான் இருக்கிறது.

4டி குரோமோசோமில் இருக்கும் விஷயம்

ரொட்டிக் கோதுமைக்கு ஏ, பி, டி என்று மூன்று மரபணுத்தொகைகள், மொத்தம் 42 குரோமோசோம்கள். பாஸ்தா செய்யும் டூரம் கோதுமைக்கு ஏ, பி மட்டும், 28 குரோமோசோம்கள். டி தொகை வந்தது ஈஜிலாப்ஸ் டாஷி என்ற காட்டுப் புல்லிலிருந்து. ஒரே உப்புக் கரைசலில் இரண்டையும் வளர்த்தால் பொதுவாக டூரம் இலையில் சோடியம் பல மடங்கு அதிகமாகச் சேரும். 1980களிலேயே இந்த வித்தியாசம் 4டி குரோமோசோமின் நீண்ட கரத்தில் இருப்பதாகப் பிடித்துவிட்டார்கள், அந்த இடத்துக்குப் பின்னர் கேஎன்ஏ1 என்று பெயர் வைத்தார்கள். அங்கே இருக்கும் மரபணு எச்கேடி1;5-டி என்று 2007இல் அடையாளம் காட்டப்பட்டது. வேரில், தண்ணீரை மேலே ஏற்றும் சைலக் குழாயைச் சுற்றியிருக்கும் செல்களில் இந்தப் புரதம் இருந்துகொண்டு, மேலே போகும் சாற்றிலிருந்து சோடியத்தை மீண்டும் வேர்ச் செல்லுக்குள் இழுத்துக்கொள்கிறது. ரொட்டிக் கோதுமையில் இதை மட்டும் அடக்கிப் பார்த்தபோது இலையில் சோடியம் ஏறியது.

டூரத்திலும் இதற்கு ஒரு வழி கிடைத்தது, அதுவும் தற்செயலாக. லைன் 149 என்ற டூரம் வரிசையில் இலைச் சோடியம் வியக்கத்தக்க அளவு குறைவாக இருந்தது. அதன் பூர்வீகத்தைத் தோண்டியபோது, முன்பு துரு நோய் எதிர்ப்புக்காக டிரிட்டிகம் மோனோகாக்கம் என்ற பழைய கோதுமையோடு யாரோ கலப்புச் செய்திருந்தது தெரிந்தது. துருவுக்காக வந்த கலப்பில் உப்புக்கான இரண்டு மரபணு இடங்களும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன: 2ஏ-யில் நாக்ஸ்1, 5ஏ-யில் நாக்ஸ்2. நாக்ஸ்2 என்பது எச்கேடி1;5-இன் ஏ தொகைப் பிரதி. நாக்ஸ்1 எச்கேடி1;4 வகையைச் சேர்ந்தது, வேரில் மட்டுமின்றி இலை உறையிலும் சோடியத்தைப் பிடித்து வைக்கும். நாக்ஸ்2 உள்ள டூரம், அது இல்லாத உடன்பிறப்பு வரிசையைவிட உவர் வயலில் 25 சதவீதம் அதிக விளைச்சல் தந்ததாக 2012இல் வெளியான முடிவு சொல்கிறது. மரபணு ஒன்று, செல் ஒன்று, வேலை ஒன்று, வயலில் பலன் ஒன்று என்று நேர்கோட்டில் வந்த அரிய கதை இது.

ஆனால் உடனே சோடியத்தைத் தடுப்பதுதான் எல்லாம் என்று நினைத்துவிடக் கூடாது. மோச்சோ டி எஸ்பிகா பிராங்கா என்ற நாட்டு ரகம் இலையில் பல மடங்கு சோடியம் வைத்துக்கொண்டும் சாதாரண ரகங்களுக்கு இணையாக வளர்கிறது. அதன் எச்கேடி1;5-டி-யிலேயே இயற்கையான ஒரு மாற்றம் இருக்கிறது. திசு தாங்குவதும் ஒரு வழிதான்.

செடியை வளர்ப்பது

இங்கே சொதப்பினால் பின்னால் எவ்வளவு விலையுயர்ந்த கருவி வைத்துப் பார்த்தாலும் பிரயோஜனம் இல்லை.

குறைந்தது இரண்டு ரகம் எடுங்கள், ஒன்று தாங்கக்கூடியது, ஒன்று தாங்காதது. கர்ச்சியா 65 உலகம் முழுக்கத் தாங்கும் ரகமாக ஒப்பீட்டுக்குப் பயன்படுவது; கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் கேஆர்எல் வரிசை ரகங்களும் அப்படியே. மரபணு வரிசையோடு நேரடியாகப் பொருத்திப் பார்க்க சைனீஸ் ஸ்பிரிங் ரகத்தைச் சேர்த்துக்கொண்டால் நல்லது, ஏனென்றால் கோதுமையின் மேற்கோள் மரபணுத்தொகை அதனுடையதுதான்.

விதையை முளைக்க வைத்து, பாதிச் செறிவு ஹோக்லாண்ட் சத்துக் கரைசலில் காற்றூட்டியபடி வளர்க்கலாம். மண் தொட்டியிலும் செய்யலாம், ஆனால் வேரைச் சேதமில்லாமல் எடுப்பது பெரும்பாடு. மேல் மண் காயக் காய உப்புச் செறிவும் மாறிக்கொண்டே இருக்கும். மூன்றாம் இலை எட்டிப் பார்க்கும் நேரத்தில் உப்பைத் தொடங்குங்கள். ரொட்டிக் கோதுமைக்கு 150 மில்லிமோலார் வழக்கம்: லிட்டருக்கு 8.77 கிராம் சோடியம் குளோரைடு. இதன் சவ்வூடு அழுத்தம் சுமார் 0.7 மெகாபாஸ்கல். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டாமல், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 25 மில்லிமோலார், அதாவது லிட்டருக்கு 1.46 கிராம் வீதம் ஏற்றுங்கள். கூடவே கால்சியம் குளோரைடும் ஏற வேண்டும், சோடியம் 15 பங்குக்குக் கால்சியம் ஒரு பங்கு என்ற கணக்கில். பலரும் விட்டுவிடும் இடம் இது. கால்சியம் இல்லாமல் சோடியத்தை மட்டும் ஏற்றினால் வேர்ச் சவ்வு கசிய ஆரம்பித்துவிடும், நீங்கள் அளப்பது உப்புத் தாங்கும் திறனா கால்சியம் பற்றாக்குறையா என்றே தெரியாது.

ஈரப்பதம் ரொம்ப அதிகமான மூடிய அறையில் வளர்க்காதீர்கள். செடி தண்ணீரை ஆவியாக்கினால்தான் சோடியம் இலைக்கு ஏறும்; எல்லா ரகமும் நல்ல ரகமாகத் தெரியும் சோதனை எதற்கும் உதவாது.

தாகத்தையும் நஞ்சையும் பிரித்துப் பார்க்க இன்னொரு தொகுதிச் செடிகளுக்கு உப்பே இல்லாமல் அதே சவ்வூடு அழுத்தம் மட்டும் கொடுங்கள். பாலிஎத்திலீன் கிளைகால் 6000 இதற்கு உதவும்; 25 டிகிரி வெப்பத்தில் கிலோ தண்ணீருக்குச் சுமார் 240 கிராம் போட்டால் 0.7 மெகாபாஸ்கலுக்கு அருகில் வரும். அதையும் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். கரைசல் கொழகொழவென்று இருப்பதால் காற்றைக் கூடுதலாக ஊத வேண்டியிருக்கும். உப்பில் மட்டும் மாறி இதில் மாறாத மரபணு எதுவோ அதுதான் சோடியம் அல்லது குளோரைடுக்குப் பதில் சொல்வது. இந்த ஒரு தொகுதியைச் சேர்த்தாலே உங்கள் வேலை பல கட்டுரைகளைவிட மேலே போய்விடும்.

அப்புறம், ஒரே தொட்டியில் நிற்கும் பத்துச் செடிகள் பத்து மறுபதிவுகள் ஆகாது. தொட்டிதான் அலகு. தொட்டிக்குத் தொட்டி இடம் மாற்றி வையுங்கள், ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது மூன்று தனித் தொட்டிகள், முடிந்தால் ஐந்து.

மரபணுவுக்கு முன் செடியை அளந்துவிடுங்கள்

உலர் எடை, உயிரோடு இருக்கும் இலைகளின் எண்ணிக்கை, எஸ்பிஏடி மீட்டரில் பச்சையம், மூன்றாம் இலையில் சோடியமும் பொட்டாசியமும். கடைசி அளவு ரொம்ப முக்கியம். மூன்றாம் இலை வெளிப்பட்ட பத்தாவது நாளில் அதன் தகடை வெட்டி, உலர்த்தி, எடை போட்டு, 0.5 மோலார் நைட்ரிக் அமிலத்தில் 80 டிகிரியில் ஊறவைத்து, சுடர் ஒளிமானியில் படிக்கலாம். எல்லாச் செடியிலும் அதே இலை, அதே வயது. ஒரு செடியில் இரண்டாம் இலை, இன்னொன்றில் நான்காம் இலை என்று எடுத்தால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை, இலையின் வயதுதான் சோடியத்தின் அளவைப் பெரும்பகுதி தீர்மானிக்கிறது. இரண்டு ரகத்துக்கும் நடுவே செடி அளவிலேயே வித்தியாசம் தெரியவில்லை என்றால் மரபணுவுக்குப் போகாதீர்கள், திரும்பிப் போய் உப்பின் அளவையோ ரகத்தையோ மாற்றுங்கள்.

எப்போது, எங்கே வெட்டுவது

ஒரு சிக்கலை இங்கே நேராகப் பேசிவிடலாம். முதல் ஒரு மணி நேரத்தில் எழும் மரபணுக்களைப் பார்க்க ஆசைப்பட்டால் உப்பை ஒரே தடவையில் கொடுத்தாக வேண்டும், படிப்படியாக ஏற்றினால் "உப்பு தொடங்கிய நேரம்" என்று ஒன்றே இருக்காது. ஆனால் 150 மில்லிமோலாரை ஒரே அடியாகக் கொடுத்தால் வேர்ச் செல் தண்ணீர் இழந்து சுருங்கும், வயலில் ஒருபோதும் நடக்காத அதிர்ச்சி அது, அதற்கான மரபணுக்களும் கூட்டமாக எழும். ஆகவே இரண்டையும் தனிச் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள்: உடனடிப் பதிலுக்கு 50 மில்லிமோலார் அளவில் ஒரே ஏற்றம், 1, 6, 24 மணி நேரத்தில் வெட்டு, நீண்டகாலப் பதிலுக்குப் படிப்படியான ஏற்றம், பத்து நாள் கழித்து வெட்டு. இரண்டின் பட்டியலையும் ஒன்றாகக் கொட்டிக் கிளறாதீர்கள்.

ஒவ்வொரு வெட்டுக்கும் உப்பில்லாத செடியையும் அதே மணியில் வெட்ட வேண்டும். காலை ஒன்பது மணிக் கன்ட்ரோலோடு மாலை மூன்று மணி உப்புச் செடியை ஒப்பிட்டால், செடியின் உள் கடிகாரத்தால் ஏறி இறங்கும் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் உப்புக் கணக்கில் வந்து விழும். டிரெப் குடும்பத்திலும் சில அப்படி நேரத்துக்கு நேரம் மாறுபவை.

வேரையும் இலையையும் தனித்தனியே எடுங்கள். முடிந்தால் வேர் நுனி ஒரு சென்டிமீட்டரைத் தனியாகவும் முதிர்ந்த வேரைத் தனியாகவும். எச்கேடி1;5 சைலத்தைச் சுற்றியுள்ள செல்களில் மட்டும் வேலை செய்கிறது. முழு வேரையும் அரைத்தால் அந்தச் செல்களின் குரல் மற்ற செல்களின் இரைச்சலில் அமுங்கிப்போகும். வெட்டியதும் ஒற்றி எடுத்து உடனே திரவ நைட்ரஜன், பிறகு மைனஸ் 80 டிகிரி. வேரை ஐந்து நிமிடம் நிதானமாகக் கழுவிக்கொண்டிருந்தால் உப்பிலிருந்து மீளும் மரபணுக்களைத்தான் அளப்பீர்கள்.

மூன்று பிரதிகளில் எது

ஆர்என்ஏ பிரிப்பதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. டிஎன்ஏவை நொதியால் அழிப்பதையும், ஆர்என்ஏ சிதையவில்லை என்று சரிபார்ப்பதையும் மட்டும் விடாதீர்கள். சிக்கல் பிரைமரில், அதாவது பிசிஆர் முறையில் ஒரு மரபணுவைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கி அளக்கப் போடும் சிறு டிஎன்ஏ துண்டில் இருக்கிறது. பெரும்பாலான மரபணுக்களுக்கு ஏ, பி, டி என்று மூன்று பிரதிகள், புரதம் எழுதும் பகுதியில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. கையில் கிடைத்த பிரைமரைப் போட்டால் மூன்றும் கலந்து பெருகும். மூன்று பிரதித் தொகுதிகளில் சுமார் 30 சதவீதத்தில் ஏ, பி, டி சமமாக வெளிப்படுவதில்லை என்று 2018இல் காட்டினார்கள். மூன்றும் சமமாகத் தொடங்கி, டி பிரதி மட்டும் நான்கு மடங்கு ஏறி மற்ற இரண்டும் சும்மா இருந்தால், கலந்த பிரைமர் உங்களுக்கு இரண்டு மடங்கு என்று காட்டும், ஏ பிரதி இறங்கியிருந்தால் அதைவிடவும் குறைவாகக் காட்டும்.

செய்ய வேண்டியது இதுதான்: என்செம்பிள் பிளான்ட்ஸ் என்ற மரபணுத் தரவுத் தளத்தில் மூன்று பிரதிகளின் வரிசையையும் எடுத்து ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்குங்கள். மூன்றுக்கும் வித்தியாசமான எழுத்து எங்கே இருக்கிறதோ, பிரைமரின் 3' முனையின் கடைசி எழுத்து அதில் விழுமாறு வடிவமையுங்கள். வித்தியாசம் அதிகம் கிடைப்பது 3' முனையின் மொழிபெயர்க்கப்படாத பகுதியில். பிறகு அதைச் சரிபார்க்க அழகான ஒரு வழி இருக்கிறது. எர்னஸ்ட் சியர்ஸ் என்ற மரபியலாளர் சைனீஸ் ஸ்பிரிங்கில் ஒரு குரோமோசோம் ஜோடியை முழுதும் எடுத்துவிட்டு அதற்குப் பதில் உறவுக் குரோமோசோமைக் கூடுதலாக வைத்த நல்லி-டெட்ராசோமிக் செடிகளை உருவாக்கினார். 4டி இல்லாத, 4பி நான்கு பிரதி உள்ள செடியின் டிஎன்ஏவில் உங்கள் எச்கேடி1;5-டி பிரைமரை ஓட்டுங்கள். ஜெல்லில் பட்டை வரக் கூடாது. வந்தால் பிரைமர் வேறெதையோ பெருக்குகிறது, தூக்கிப் போட்டுவிட்டு வேறு எழுதுங்கள்.

மரபணு அடையாள எண்ணையும் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். டிரேஸ்சிஎஸ் என்று தொடங்கினால் சைனீஸ் ஸ்பிரிங், அடுத்து வரும் 4டி குரோமோசோம், அதன் பின் வரும் 01, 02, 03 என்பது குறிப்புரையின், அதாவது எந்த மரபணு எங்கே என்று குறித்த பட்டியலின் பதிப்பு. 01 பதிப்பில் எழுதிய கட்டுரையின் எண்ணை 03 பதிப்பில் தேடினால் கிடைக்காது, மாற்று அட்டவணை வைத்து மாற்ற வேண்டும்.

அளவைச் சரிபார்க்க உதவும், மாறாமல் இருக்க வேண்டிய ஒப்பீட்டு மரபணுவாக ஆக்டினைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள், உப்பில் அதுவே ஆடக்கூடும். கோதுமைக்கு 2009இல் பரிசோதித்துப் பரிந்துரைத்த டிஏ2291, டிஏ54227 போன்றவற்றில் குறைந்தது இரண்டு எடுத்து, உங்கள் உப்பு நிலையில் அவை அசையவில்லை என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். கணக்கு எளிது. கன்ட்ரோலில் உங்கள் மரபணுவின் சிடி (பிசிஆரில் அது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் சுற்று எண்; குறைந்தால் அளவு அதிகம்) 24, ஒப்பீட்டு மரபணு 20, வித்தியாசம் 4. உப்பில் 22.5, 20, வித்தியாசம் 2.5. இரண்டுக்கும் இடையே மைனஸ் 1.5; இரண்டின் அடுக்கு 1.5 என்றால் சுமார் 2.8 மடங்கு ஏற்றம். பிரைமரின் திறன் 90 முதல் 110 சதவீதத்துக்குள் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

மொத்த ஆர்என்ஏவையும் வரிசைப்படுத்துகிறீர்களா

சரி, பணமும் கணினியும் இருந்தால் நல்லது. கோதுமையின் மரபணுத்தொகை சுமார் 1,700 கோடி எழுத்துகள், மனிதனுடையதைப் போல ஐந்து மடங்கு. 2018இல் வெளியான மேற்கோள் தொகையில் உயர் நம்பிக்கை மரபணுக்கள் மட்டும் 1,07,891. சிறிய ரீடுகள் (கருவி படித்துத் தரும் வரிசைத் துண்டுகள்) மூன்று பிரதிக்கும் பொருந்தும் என்பதால் 150 எழுத்து, இரு முனை வரிசை எடுங்கள். பல இடங்களில் பொருந்தும் ரீடுகளை அப்படியே தூக்கிப் போடும் முறையைவிட, சால்மன், கலிஸ்டோ போல நிகழ்தகவால் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் கோதுமைக்கு வசதி.

ரீடுகளை மரபணுத்தொகையோடு பொருத்திச் சீரமைத்த கோப்புக்குச் சுட்டி (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போடும்போது புரியாத பிழை ஒன்று வந்து நிற்கும். வழக்கமான பிஏஐ சுட்டி சுமார் 53.7 கோடி எழுத்துக்கு மேல் நீளமான குரோமோசோமைத் தாங்காது, கோதுமையின் 3பி மட்டுமே 83 கோடி எழுத்து. சிஎஸ்ஐ சுட்டிக்கு மாறினால் சரியாகிவிடும்.

கையில் ஆய்வகமே இல்லை என்றாலும் இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்யலாம். கோதுமை உப்புச் சோதனைகளின் மூல வரிசைகள் பொதுத் தரவுக் களஞ்சியங்களில் கிடக்கின்றன, எக்ஸ்ப்விப் தளத்தில் ஒரு மரபணுவின் மூன்று பிரதிகளும் எந்த உறுப்பில் எவ்வளவு என்று படமாகவே பார்க்கலாம். அங்கே பார்க்கும்போதும் எந்த உறுப்பு, எத்தனை மணி நேரம், எவ்வளவு உப்பு, படிப்படியாகவா ஒரேயடியாகவா என்று சோதனை விவரத்தை முதலில் படியுங்கள்.

பட்டியலைப் படிப்பது

ஆயிரக்கணக்கில் மாறிய மரபணுக்கள் வரும். மடங்கு கணக்கில் மேலே நிற்கும் இருபதை எடுத்துக் கதை எழுதுவது எளிது, பலரும் அதைத்தான் செய்கிறார்கள். என்னைக் கேட்டால், நீங்கள் தேட வேண்டியது இரண்டு ரகங்களும் உப்புக்கு வெவ்வேறு விதமாகப் பதில் சொல்லும் மரபணுக்களை, புள்ளியியலில் ரகமும் உப்பும் சேர்ந்த ஊடாட்டத்தை. இரண்டு ரகத்திலும் ஒரே மாதிரி ஏறுவது எல்லாக் கோதுமையும் செய்வது, அதில் தாங்கும் திறனின் விளக்கம் இல்லை.

இன்னொன்று, ஏறாத மரபணுவை ஒதுக்கிவிடாதீர்கள். எஸ்ஓஎஸ்1 புரதம் பாஸ்பேட் ஒட்டுவதால் முடுக்கம் பெறுகிறது, அதன் ஆர்என்ஏ அசையாமலே வேலை இரட்டிப்பாகலாம். எச்கேடி1;5 சில ரகங்களில் உப்பு வருவதற்கு முன்பே வேரில் தயாராக இருக்கும்; அங்கே ரகத்துக்கு ரகம் உள்ள வித்தியாசம் கன்ட்ரோல் செடியிலேயே தெரியும், அல்லது புரதத்தின் ஒரே ஓர் அமினோ அமில மாற்றத்தில் ஒளிந்திருக்கும். அதனால் தாங்கும் ரகத்தின் மரபணு வரிசையையும் படித்துவிடுங்கள், வெளிப்பாட்டை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள்.

சந்தேகப்படும் மரபணு ஒன்று கைக்கு வந்ததும் அதற்கு ஒரு மார்க்கர் (அந்தப் பிரதி இருக்கிறதா என்று காட்டும் டிஎன்ஏ அடையாளம்) செய்து, இரண்டு ரகங்களின் கலப்பு வாரிசுகளில் அந்தப் பிரதி உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் பிரித்து, மூன்றாம் இலைச் சோடியத்தை மறுபடி அளங்கள். நாக்ஸ்1 இடத்தை டூரத்தில் 2ஏ-யில் உள்ள ஜிடபிள்யூஎம்312 என்ற மார்க்கரை வைத்து இப்படித்தான் வாரிசு வாரிசாகப் பின்தொடர்ந்தார்கள். சோடியம் மார்க்கரோடு சேர்ந்து போனால் அடுத்து வயல், அதுவும் குறைந்தது இரண்டு பருவம், ஒரே வயலின் உப்பு குறைந்த மூலையிலும் உப்பு மிகுந்த மூலையிலும், ஒவ்வொரு பாத்தியின் மின்கடத்தும் திறனையும் தனித்தனியே அளந்து. உவர் நிலத்தில் பத்தடிக்குப் பத்தடி உப்பு மாறும், சராசரி எண் ஒன்றை வைத்துக்கொண்டு ரகங்களை ஒப்பிட்டால் மண்ணின் வித்தியாசத்தை மரபணுவின் பெயரில் எழுதிவிடுவீர்கள்.